நான் ‘வைரஸ்’ என்று சொன்ன தக்காளி வயல்

புதிதாக வேளாண் அலுவலர் வேலைக்கு வந்திருக்கும் உங்களில் ஒருத்தி போன மாதம் ஒரு கத்தரி இலையின் படத்தை எனக்குக் கைபேசியில் அனுப்பி, “அக்கா, இது என்ன நோய்? என்ன மருந்து சொல்லலாம்?” என்று கேட்டிருந்தாள். விவசாயி அவளுக்கு அனுப்பியதை அவள் எனக்குத் தள்ளிவிட்டிருக்கிறாள். படம் தெளிவாகத்தான் இருந்தது. நான் பதில் எழுதவில்லை. ஓய்வு பெற்றதும் அக்காவுக்குத் திமிர் வந்துவிட்டது என்று அவள் நினைத்திருக்கலாம். திமிர் எனக்குப் பணியில் இருந்த காலத்திலேயே உண்டு. அந்தத் திமிரால் ஒரு ஏக்கர் தக்காளி என்ன பாடுபட்டது என்பதை எழுதுகிறேன். அவளுக்கு நான் எழுதாமல் விட்ட பதிலும் இதற்குள்தான் இருக்கிறது.

தொண்ணூறுகளின் பிற்பாதி. திண்டுக்கல் நாகல் நகரில் குடியிருந்துகொண்டு ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமங்களுக்கு மொபெட்டில் போய்வந்து கொண்டிருந்தேன். உதவி வேளாண்மை அலுவலர் என்பது காகிதத்தில் இருந்த பெயர். ஊரில் ‘ஆபீசரம்மா’. வயது முப்பத்து நான்கு. அந்த வட்டாரத்தில் அப்போது இந்த வேலையில் இருந்த ஒரே பெண் நான்தான். அதனால் எனக்கு ஒரு நோய் இருந்தது. யார் எந்தச் செடியைக் காட்டினாலும் அந்த இடத்திலேயே பதில் சொல்லிவிட வேண்டும். ‘தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்’ என்றால், “பொம்பளைப் பிள்ளைக்கு என்ன தெரியும்” என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள் என்ற பயம். ஆண் அலுவலர்கள் அதே வார்த்தையைச் சொன்னால், “சார் பொறுமையா பாத்துச் சொல்வாரு” என்பார்கள். இந்த நியாயக்கேட்டை நான் வேகத்தால் ஈடுகட்டப் பார்த்தேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது அவசரக்காரிக்கும் பொருந்தும்.

பெயர் வேண்டாம், அந்தப் பக்கத்தில் ஒரு சிற்றூர். பாதிப்பேர் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், பாதிப்பேர் பழனிக்கு நடந்து போகிறவர்கள். எல்லாருமே விவசாயக் குடும்பங்கள். அங்கே லூர்தம்மாள் என்று ஒருத்தி. ஏறக்குறைய என் வயதுதான். கணவர் வடக்கே போகிற லாரிக்கு டிரைவர், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து நான்கு நாள் இருப்பார். அவர், அவருடைய தம்பி இருவரின் நிலமும் ஒரே கிணற்றுப் பாசனத்தில் அடுத்தடுத்து இருந்தது. அண்ணன் லாரிக்குப் போன நாளிலிருந்து தம்பி அந்தோணிசாமிதான் இரண்டு பங்கையும் சேர்த்து உழுதுகொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் ஆறு வருடம் உழுத நிலம் தன் நிலம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அந்த வருடம் லூர்தம்மாள், “எங்க பங்கை நானே வெள்ளாமை செய்றேன்” என்று குடும்பத்தில் கேட்டுவிட்டாள். பெரிய பேச்சாகிவிட்டது. கடைசியில் வீட்டுப் பெரியவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரு வெள்ளாமை பார்க்கட்டும்; ஒழுங்காக எடுத்துக் காட்டினால் நிலம் அவள் பொறுப்பு, கெட்டுப்போனால் பழையபடி அந்தோணியே பார்க்கட்டும். அதற்குப் பிறகு யாரும் பேச்செடுக்கக் கூடாது. லூர்தம்மாள் தங்கள் பங்கான ஒரு ஏக்கர் முழுக்கத் தக்காளி வைத்தாள். இதை அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். “இந்த ஒரு தடவைதான்மா எனக்கு” என்றாள். நாற்று நட்ட அன்றும் நான் அந்த வயலில் நின்றேன். தெரிந்துதான் எல்லாம் செய்தேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நட்டு ஒரு மாதம் இருக்கும். முதல் பூ எட்டிப் பார்க்கிற சமயம். நான் ஊருக்குள் நுழைந்ததும் அவள் ஓடிவந்து மொபெட்டை மறித்தாள்.

“ஆபீசரம்மா, செத்த நேரம் வந்து பாருங்க. செடியெல்லாம் சுருட்டிக்கிட்டு நிக்கிது.”

உச்சி வெயில். மூன்று மணிக்குத் திண்டுக்கல்லில் எனக்கு ஒரு கூட்டம். மோட்டார் ரூம் பக்கமாக வயலுக்குள் இறங்கி ஐந்தாறு செடியைப் பார்த்தேன். இலைகள் ஒடுங்கி, முறுக்கி, நார் நாராகக் கிடந்தன. ஒரு இலையைத் திருப்பினேன். இரண்டு வெள்ளை ஈ பறந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. தக்காளியில் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸைப் பற்றி முந்தின வாரம்தான் நான் ஒரு பயிற்சியில் உட்கார்ந்து குறிப்பெடுத்திருந்தேன். சுத்தியலைக் கையில் வாங்கிய புதிதில் பார்த்ததெல்லாம் ஆணியாகத்தான் தெரிந்தது எனக்கு.

“வைரஸ்” என்றேன்.

“மருந்தடிச்சதுக்கு அப்புறம்தான்மா இப்பிடி ஆச்சு” என்றாள் லூர்தம்மாள். “போன வாரம் ஈ தட்டுதேன்னு அடிச்சேன். அதுக்கு முந்தி நல்லாத்தான இருந்துச்சு.”

இந்த வாக்கியத்தை நீங்கள் இரண்டாம் முறை படியுங்கள். நோயின் முழு வரலாறும் அதில் இருந்தது. என்னைவிட அந்தச் செடிகளை நன்றாக அறிந்தவள், நான் கேட்காமலேயே என் கையில் வைத்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “லேட்டா அடிச்சிருக்கீங்க. அதுக்குள்ள ஈ வைரஸை ஏத்திருச்சு.”

அதற்குள் அந்தோணிசாமியும் பக்கத்துத் தக்காளிக்காரர்கள் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். கேட்க ஆள் இருந்தால் என் குரல் கொஞ்சம் உயரும். இதற்கு மருந்து கிடையாது, செடியைப் பிடுங்கி எரிப்பது ஒன்றுதான் வழி, விட்டுவைத்தால் சுற்றிலும் இருக்கிற தக்காளி அத்தனையும் போய்விடும் என்றேன்.

“எல்லாத்தையுமாம்மா?” என்று லூர்தம்மாள் கேட்டாள்.

“எல்லாத்தையும்தான்.”

அவள் செத்த நேரம் வயலைப் பார்த்துவிட்டு, “நீங்க சொன்னாச் சரிம்மா” என்றாள். நான் மூன்று மணிக் கூட்டத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் முழுக்க அலுவலக வேலை. அதற்கடுத்த நாள் காலையில் அந்தோணிசாமியின் சோளக்காட்டைப் பார்க்கப் போனேன். போனதற்குக் காரணம் பெருமை. ஒரு மாதத்துக்கு முன்னால் அந்த ஊர் மாதா கோயில் மைதானத்தில் பார்த்தீனிய ஒழிப்புக் கூட்டம் போட்டிருந்தேன். வரப்பு, வாய்க்கால், ரோட்டோரம் என்று எங்கே பார்த்தாலும் மண்டிக் கிடந்த விஷச்செடி அது. தொட்டால் அரிக்கும், பூத்தால் மூச்சு முட்டும். அதற்கான களைக்கொல்லித் தூளை எங்கள் வேளாண் டிப்போவிலிருந்து நானே கொண்டுபோய்க் கொடுத்து, எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு, எந்த நேரத்தில் அடிக்க வேண்டும் என்று விளக்கினேன். அகன்ற இலைச் செடியைக் கொல்லும், சோளத்தையும் புல்லையும் ஒன்றும் செய்யாது. அந்தோணிசாமிதான் முதலில் வாங்கி அடித்தவர். “வந்து பாருங்கம்மா, சொக்கிக் கெடக்கு” என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

பார்த்தேன். சோளத்தின் ஓரம் முழுக்கப் பார்த்தீனியம் சாய்ந்து கிடந்தது. தண்டு முறுக்கி, நுனி கீழ்நோக்கி வளைந்து, இலை நாராகி. பார்த்துக்கொண்டே நடந்தவள் நின்றுவிட்டேன். இரண்டு நாள் முன்னால் தக்காளியில் நான் பார்த்தது இதே முறுக்கு.

அந்தோணிசாமி கிணற்றடியில் ஸ்பிரேயர் டேங்கில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன மருந்துப்பா அது?”

“ஈ மருந்துதான்மா. நீங்கதான வைரஸ் வந்துரும்னீங்க. அதான் என் தக்காளிக்கு இன்னைக்கே ஒரு அடி அடிச்சுருவோம்னு.”

“இந்த ஸ்பிரேயர்லதான் பார்த்தீனியத்துக்கு அடிச்சீங்களா?”

“ஆமா. நேத்தும் ரோட்டோரத்துக்கு ஒரு தடவை அடிச்சேன். இருக்கிறது ஒண்ணுதான?”

“வேற யாருக்காவது குடுத்தீங்களா?”

“முதல் தடவை பார்த்தீனியத்துக்கு அடிச்சு முடிச்சதும் மதினிக்குக் குடுத்தேன். அவுகளுக்குச் சொந்தமா ஏது? கேட்டா இல்லேன்னு சொல்ல முடியுமாம்மா, மருந்தடிக்கிற டேங்க?”

அந்தப் பக்கத்து வழக்கம் அது. மாட்டைக் கேட்டால் சாக்குச் சொல்லலாம், மோட்டார் தண்ணீருக்கு முறை வைக்கலாம், ஸ்பிரேயரை மட்டும் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். பூச்சி காத்திருக்காது என்பதால் வந்த வழக்கமாக இருக்கும். பத்து வீட்டுக்கு இரண்டு ஸ்பிரேயர்தான் இருந்தது. அது ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்குப் போய்க்கொண்டே இருக்கும். இதை நான் தினமும் பார்த்தவள். பார்த்தும், களைக்கொல்லியைக் கையில் கொடுத்தபோது, ‘இதற்கென்று தனி ஸ்பிரேயர் வையுங்கள், வேறு பயிருக்கு எடுக்காதீர்கள்’ என்ற ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை. அந்தத் தூள் டேங்கில் ஒட்டிக்கொண்டு மிஞ்சுவது கொஞ்சம்தான், ஆனால் தக்காளிக்கு அந்தக் கொஞ்சம் போதும்.

மூடியைத் திறந்து முகர்ந்தேன். ஈ மருந்தின் வாசனையையும் மீறி அந்தக் களைக்கொல்லிக்கே உரிய ஆஸ்பத்திரி வாசனை அடித்தது.

“இதைக் கீழ வைங்க. ஒரு செடிக்கும் அடிக்காதீங்க” என்றேன். என் முகத்தைப் பார்த்து அவர் பயந்துவிட்டார். ஏன் என்று கேட்டார். வந்து சொல்கிறேன் என்றேன். அப்போதுதான் பக்கத்து வயலிலிருந்து புகை வருவதைப் பார்த்தேன்.

லூர்தம்மாளும் கூலிக்கு வந்த இரண்டு பெண்களும் முந்தின நாள் காலையிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். சரிபாதி வயல் வெறும் மண்ணாகக் கிடந்தது. பிடுங்கிய செடிகள் பூவோடு குவிந்திருந்தன. பச்சைச் செடி சரியாக எரியாமல் புகைந்துகொண்டிருந்தது. “நிறுத்துங்க” என்று மட்டும் சொன்னேன்.

“என்னம்மா?”

“ஒரு மணி நேரம் நிறுத்துங்க. நான் இன்னொரு தடவை பாக்கணும்.”

அன்றைக்குத்தான் அந்த வயலை முழுக்க நடந்தேன். நான்கு வரப்பையும் சுற்றினேன், குறுக்கே நடந்தேன். இருபது நிமிடம் ஆனது. அவ்வளவுதான் ஆனது. மீதி இருந்த செடிகளில், பிடுங்கிய பகுதிக்குப் பக்கத்தில் இருந்தவை கொஞ்சம் முறுக்கியிருந்தன. தள்ளிப் போகப் போக முறுக்கு குறைந்தது. கடைசி வரிசைகள் நன்றாகவே இருந்தன. வைரஸ் இப்படி வரிசை பிடித்து வராது. அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று நடுநடுவே வரும். எங்கிருந்து மருந்தடிக்க ஆரம்பித்தாள் என்று லூர்தம்மாளிடம் கேட்டேன். மோட்டார் ரூம் பக்கமிருந்து, மொத்தம் பத்து டேங்க் என்றாள். முதல் டேங்கில் விஷம் அதிகம் கலந்திருக்கிறது. ஒவ்வொரு தடவை தண்ணீர் நிரப்பியபோதும் அது கரைந்து குறைந்துகொண்டே போயிருக்கிறது. நான் முதல்நாள் இறங்கிப் பார்த்த இடம் முதல் டேங்க் அடித்த இடம்.

வாய்க்கால் ஓரத்துக் களைகளையும் குனிந்து பார்த்தேன். துத்தி முறுக்கியிருந்தது, மூக்கிரட்டை முறுக்கியிருந்தது, தொய்யக்கீரை முறுக்கியிருந்தது. கோரையும் அருகும் கல்லுப்போல இருந்தன. ஒரே வாரத்தில் மூன்று சாதிக் களையையும் தக்காளியையும் ஒரேமாதிரி முறுக்கி, புல்லை மட்டும் தொடாமல் விடுகிற வைரஸ் எனக்குத் தெரிந்து கிடையாது. பயிரைப் பார்த்த நான் களையைப் பார்க்கவில்லை.

அலுவலகத்துக்கு வண்டியை விட்டேன். எங்கள் மேலதிகாரி கெட்டிக்காரர், என்மேல் அக்கறை உள்ளவர். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னதை இன்றும் என்னால் அலட்சியமாகத் தள்ள முடியவில்லை.

“ஏம்மா, இது களைக்கொல்லின்னு உனக்கு நூத்துக்கு நூறு தெரியுமா?”

“தொண்ணூறு தெரியும் சார்.”

“மிச்சப் பத்து நெசமாயிட்டா? நாலு பேர் தக்காளி போகும், உன் வேலையும் போகும். இப்ப நீ மாத்திச் சொன்னா, நாளைக்கு நெசமாவே வைரஸ் வந்து பிடுங்கச் சொன்னா எவன் பிடுங்குவான்? அதுமட்டுமில்ல, கொழுந்தன் ஸ்பிரேயர்னு நீ வாயைத் திறந்தா அந்தக் குடும்பத்துல வெட்டுக்குத்து ஆகிப்போகும். பாதி போயிருச்சு, மீதியும் போகட்டும்னு விட்டுரு. மறுநடவுக்கு நாத்து ஏற்பாடு பண்ணிக் குடு. ஸ்பிரேயர் விஷயத்தை அடுத்த கூட்டத்துல பொதுவாச் சொல்லு. யாருக்கும் தெரியாது.”

யாருக்கும் தெரியாது என்பது உண்மை. அதுதான் பெரிய ஆசையாக இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள்; என் பூசணிக்காய் ஏற்கெனவே பாதி எரிந்து சாம்பலாகியிருந்தது, மறைப்பது சுலபம். ஆனால் லூர்தம்மாளுக்கு மறுநடவு என்பது கிடையாது. ஒரு வெள்ளாமை என்றுதான் பேச்சு. மீதிப் பாதியையும் அவள் பிடுங்கிவிட்டால் நிலம் அன்றைக்கே கொழுந்தன் கைக்குப் போய்விடும். அவள் உயிரோடு இருக்கிறவரை திரும்பி வராது. நான் நல்ல பெயரோடு மொபெட்டில் அந்த வழியே போய்வந்து கொண்டிருப்பேன். “நீங்க சொன்னாச் சரிம்மா” என்று அவள் சொன்னது காதிலேயே நின்றது. “சார், நான் போய்ச் சொல்லிட்டு வாரேன்” என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் தடுக்கவில்லை.

நான் திரும்பியபோது அந்தோணிசாமியும் அந்த இரண்டு தக்காளிக்காரர்களும் வயலில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். “ஆபீசரம்மாவே பிடுங்கச் சொல்லியாச்சு, இன்னும் என்னத்தப் பாக்கணும்? சாயங்காலத்துக்குள்ள பிடுங்கு மதினி, இல்லேன்னா நாங்க எறங்கிப் பிடுங்குவோம்” என்பது அந்தோணிசாமியின் குரல். லூர்தம்மாள் மீதிச் செடிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். வந்ததும் எல்லாம் மறந்துபோனது. “நான் தப்பாச் சொல்லிட்டேன்” என்றேன். “இது வைரஸ் இல்ல. களைக்கொல்லி பட்டிருக்கு. ஸ்பிரேயர்ல மிச்சம் இருந்திருக்கு.”

பிறகு லூர்தம்மாள் மெதுவாகத் திரும்பிக் கொழுந்தனைப் பார்த்தாள்.

“வேணும்னேதான் குடுத்தியா?”

அந்தோணிசாமியின் முகம் செத்துவிட்டது. “மாதா சத்தியமா இல்ல மதினி. ரெண்டு தண்ணி அலசித்தான் குடுத்தேன்.”

“நெலத்துமேல உனக்கு இம்புட்டு ஆசையாப்பா?”

மேலதிகாரி சொன்ன இடத்துக்குப் பேச்சு வந்துவிட்டது. எனக்கு அந்தோணிசாமியின் மனசு தெரியாது. தெரிந்ததை மட்டும் சொன்னேன். “லூர்து, காலையில நான் வந்தப்ப அதே டேங்க்ல இவரு மருந்து கலக்கிக்கிட்டு இருந்தாரு. தன்னோட தக்காளிக்கு அடிக்க. நான் பத்து நிமிசம் பிந்தி வந்திருந்தா இவர் வயலும் போயிருக்கும். கிணத்தடியில டேங்க் இன்னும் நெறஞ்சிருக்கு, போய்ப் பாருங்க. தெரிஞ்சவன் தன் வயலுக்கு அதை எடுப்பானா? இவருக்குத் தெரியாது. தெரிய வைக்கிறது என் வேலை. களைக்கொல்லியைக் குடுத்தது நான். தனி ஸ்பிரேயர் வையுங்கன்னு சொல்லாம விட்டது நான். நீங்க மருந்தடிச்ச பிறகுதான்னு சொன்னீங்களே, அதைக் காதுல வாங்காம பிடுங்கச் சொன்னதும் நான். மூணும் என் தப்பு.”

இதையெல்லாம் அழுதுவிடுவேனோ என்ற பயத்தில் வேகமாகச் சொன்னேன். லூர்தம்மாள் கிணற்றடிக்குப் போனாள். டேங்கைத் திறந்து பார்த்தாள். திரும்பி வந்து அந்தோணிசாமியைத் தாண்டி என் முன்னால் நின்றாள்.

“அப்பப் பிடுங்கினதை யாரு நட்டுத் தருவா?” என்று கேட்டாள்.

நேராக என்னைப் பார்த்து அவள் கேட்ட அந்தக் கேள்விக்கு நான் தலையைக் குனிந்தேன். முதல் இரண்டு டேங்க் பட்ட செடிகள் எப்படியும் தேறியிருக்காது. அதற்கடுத்த மூன்று டேங்க் அளவுக்குச் செடிகளைக் கொன்றது நான்தான்.

மற்ற தக்காளிக்காரர்கள் விடவில்லை. முந்தாநாள் வைரஸ், இன்றைக்குக் களைக்கொல்லி, நாளைக்கு என்ன சொல்வீர்கள் என்றார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பத்து நாள் பொறுங்கள், நான் தினமும் காலையில் வந்து எல்லார் வயலையும் நடந்து பார்க்கிறேன், பரவுவதுபோலத் தெரிந்தால் மீதியை நானே பிடுங்குகிறேன் என்றேன். அந்தோணிசாமிதான் முதலில் சரி என்றார். மதினி அவரிடம் கேட்ட கேள்வி அவரை உலுக்கியிருந்தது.

சொன்னபடி தினமும் காலையில் போய் எல்லார் வயலையும் நடந்தேன். ஆறாம் நாள் காலை அந்தோணிசாமி தன் வயலிலிருந்து ஒரு செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்து நீட்டினார். இலை சுருண்டிருந்தது. “இது என்னம்மா?”

பார்த்தேன். இலை மேல்நோக்கிக் கிண்ணம்போல மடங்கி, ஓரம் மஞ்சள் பூத்து, செடி குட்டையாகிக் கிடந்தது. இது உண்மையான வைரஸ். இல்லை என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு நான் தப்பித்துவிடுவேன். “இது வைரஸ்தான்” என்றேன். அவர் கண் லூர்தம்மாளின் வயல் பக்கம் போனது. நான் அவரைக் கூட்டிக்கொண்டு போய், அங்கே முறுக்கிய செடி ஒன்றின் பக்கத்தில் இதை வைத்தேன். ஒன்று மேல்நோக்கி மடங்கியது, மற்றது கீழ்நோக்கி முறுக்கியது. ஒன்று மஞ்சள் ஓரம், மற்றது நாராக ஒடுங்கியது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழந்தைக்கும் தெரியும். நானே அப்போதுதான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறேன். அவர் இரண்டையும் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் வயலில் அதுபோல இருந்த இன்னும் இரண்டே செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

பன்னிரண்டாம் நாள், லூர்தம்மாளின் செடிகளில் புதிதாக வந்த கொழுந்து விரிந்தது. முறுக்கு இல்லாத, அகலமான, சாதாரண தக்காளி இலை. அதைப் பார்த்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து அழுதேன். லூர்தம்மாள் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாள். பார்த்தாள், பேசவில்லை. அவள் என்னிடம் பேசி அன்றைக்குப் பத்து நாளுக்கு மேலாகியிருந்தது.

பாதி வயல் பிந்திக் காய்த்தது. களைக்கொல்லி பட்டதால் முதலில் வந்த காய்கள் சில கோணலாக இருந்தன, அவற்றைப் பறித்துப் புதைக்கச் சொன்னேன். அப்புறம் வந்தவை நல்ல காய்கள். பாதி வயல் வெள்ளாமையை வெள்ளாமை என்று கணக்கில் எடுப்பதா என்று வீட்டில் பஞ்சாயத்து நடந்ததாம். “மதினி தப்பு ஒண்ணுமில்ல, டேங்க் என்னோடது” என்று அந்தோணிசாமிதான் எழுந்து சொன்னாராம். நிலம் லூர்தம்மாளிடம் நின்றது. இதை எனக்குச் சொன்னது ஊர்க்காரர்கள். அவள் சொல்லவில்லை. என் கூட்டங்களுக்கும் அவள் வரவில்லை. நானும் போய் நிற்கவில்லை. மன்னிப்புக் கேட்டதும் மன்னித்துவிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது.

என்மேல் ஊரில் நம்பிக்கை போய்விடும் என்று மேலதிகாரி சொன்னது பாதி பலித்தது. ஒரு வருடம் போல, நான் எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே, “நெசமாவாம்மா?” என்பார்கள். வாங்கிக்கொண்டேன். ஆனால் ஒன்று நடந்தது. செடியில் எது தெரிந்தாலும், மருந்தடித்த தேதி, எந்த ஸ்பிரேயர், யார் வயலிலிருந்து வந்தது என்று அவர்களே வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். கேட்காமல் விட்டுவிடுவேன் என்று பயம்!

அடுத்த வருடம் ஆடி கழிந்து ஒரு நாள், டிப்போவில் விதை கொடுத்துக்கொண்டிருந்தேன். நல்ல கூட்டம். லூர்தம்மாள் வந்து வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும், முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த ஒரு மிளகாய்க் கொப்பை எடுத்து மேசையில் வைத்தாள். நுனி கருகி, இலை சுருங்கியிருந்தது.

சாறு உறிஞ்சும் இலைப்பேன் பூச்சியாக இருக்க வேண்டும் என்று பார்த்தவுடன் தோன்றியது. பழைய பழக்கம், வாய் முந்திக்கொண்டது. “பேன் மாதிரி இருக்கு...”

அவள் கையை மேசைமேல் ஊன்றினாள். “தெரிஞ்சு சொல்றீங்களா, தோணுறதைச் சொல்றீங்களா?”

பின்னால் நின்றவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். என் மேலதிகாரியும் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

“தோணுறதைத்தான் சொல்றேன் லூர்து” என்றேன்.

“அப்பச் சரி” என்றாள் அவள். “வண்டியை எடுங்க, வயக்காட்டுக்குப் போவோம்.”